நடந்து சென்றவரை வாகனம் இடித்தால்: குமரி மாவட்டத்தார் இழப்பீடு கோரும் வழி

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, சுங்கான்கடை வழியாக நாகர்கோவிலுக்கு வரும் நெடுஞ்சாலையில், நடைபாதை என்று சொல்லத்தக்க இடம் குறைவு. வீட்டு மதிலுக்கும் தார் விளிம்புக்கும் இடையே ஓர் ஆள் ஒதுங்கும் அகலம்கூட இல்லாத இடங்களில், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், முந்திரி ஆலைக்குச் செல்லும் பெண்களும், கோவிலுக்கும் ஆலயத்துக்கும் செல்லும் முதியவர்களும், கேரளத்துக்குக் கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளோடு ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி நடந்து செல்லும் ஒருவர்மீது வாகனம் மோதினால் சட்டம் அவருக்கு என்ன தருகிறது, அதைப் பெற அவரும் அவர் வீட்டாரும் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

சட்டத்தின் பார்வையில் நடந்து செல்பவரின் நிலை வலுவானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 146, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. வண்டி உரிமையாளர் ஒரு தரப்பு, காப்பீட்டு நிறுவனம் மற்றொரு தரப்பு என்றால், தெருவில் நடந்து போனவர்தான் அந்த மூன்றாம் தரப்பு. ஓட்டுநரிடம் உரிமம் இல்லை என்பது போன்ற குறைகள் இருந்தாலும், பல வழக்குகளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றுதான், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுகின்றன. வண்டி கேரளப் பதிவெண் கொண்டது என்பதாலும் உரிமை குறைவதில்லை.

நடைமுறையில் அவருடைய நிலை பலவீனமாவது வேறு காரணத்தால். வண்டிக்காரரிடம் பதிவுச் சான்று இருக்கிறது, பாலிசி இருக்கிறது, அவருக்காக வாதாடக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இருக்கிறார். நடந்து போனவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மருத்துவர் எழுதும் பதிவு, காவலர் எழுதும் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதும் சான்று என அவருடைய வழக்கு முழுவதும் பிறர் எழுதும் எழுத்துகளால் ஆனது. விபத்து நடந்த முதல் வாரத்தில் அந்த எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்வதே வீட்டாரின் முதன்மையான வேலை. நீதிமன்றத்தில் பின்னால் நடப்பதில் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

மருத்துவமனையில்

சட்டத்தின் பிரிவு 134-இன்படி, காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதும் அவர் கடமை. காவல் துறை நடைமுறைகள் முடியட்டும் என்று காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை. இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவரைச் சாட்சி சொல்லும்படியோ, பெயர் விவரம் தரும்படியோ வற்புறுத்தக் கூடாது என்று பிரிவு 134அ சொல்கிறது. எனவே அக்கம்பக்கத்தார் தயங்க வேண்டியதில்லை; 108-ஐ அழைப்பதும், அதற்கு நேரமில்லை என்றால் ஓர் ஆட்டோவில் ஏற்றிச் செல்வதும் யாருக்கும் வம்பாக முடியாது.

செலவைப் பொறுத்தவரை இரண்டு திட்டங்களை நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவருக்கு, அவர் எந்த ஊரார், எந்த மாநிலத்தார் என்று பாராமல், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்கீழ், பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, தக்கலை அரசு மருத்துவமனையிலோ, ஒரு தனியார் மருத்துவமனையிலோ சேர்த்த உடனே, இந்த விபத்துத் திட்டங்களில் பதிவு செய்யும்படி வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள். கேட்காதவர் கையிலிருந்து பணம் கட்டிய பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

அடுத்து கவனிக்க வேண்டியது விபத்துப் பதிவேடு. பேச்சு வழக்கில் இதை 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். காயமடைந்தவர் எப்படிக் காயமடைந்தார், யார் அழைத்து வந்தார், நினைவோடு வந்தாரா என்பதைப் பணியில் இருக்கும் மருத்துவர் இதில் எழுதுவார். இடித்த வண்டிக்காரரே மனிதாபிமானத்தோடு மருத்துவமனைக்கு அழைத்து வருவதும் உண்டு. அவரே பயத்தில் 'வழுக்கி விழுந்துவிட்டார்' என்று சொல்லிப் பதிவு செய்ய வைப்பதும் உண்டு. அந்த ஒரு வரி, ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் முதல் கேள்வியாக வரும். வீட்டார் வந்து சேர்ந்ததும், பதிவேட்டில் சாலை விபத்து என்று இருக்கிறதா, வண்டியின் வகையாவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறாக இருந்தால், காயமடைந்தவர் நினைவு திரும்பியவுடன் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, நோயாளிக் குறிப்பில் அதைப் பதியச் செய்வதும், காவல் துறையில் எழுத்து மூலமாகக் கொடுப்பதும் ஓரளவு காப்பாற்றும்.

குமரி மாவட்டத்துக்கே உரிய இரண்டு சிக்கல்களை இங்கே சொல்ல வேண்டும். தலைக்காயம் என்றால் விளவங்கோடு, கிள்ளியூர் பகுதிகளில் உள்ளவர்கள் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு செல்வது வழக்கம்; சிகிச்சையைக் கருதினால் அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அங்கிருந்து போகும் காவல் தகவல் முதலில் கேரளக் காவல் நிலையத்துக்குச் சென்று, பின்னரே விபத்து நடந்த இடத்துக்குரிய தமிழ்நாட்டுக் காவல் நிலையத்துக்கு வந்து சேரும். அந்தத் தகவல் வரட்டும் என்று காத்திருந்தால் வாரங்கள் ஓடிவிடும். ஒருவர் நோயாளியோடு போக, மற்றொருவர் அன்றே களியக்காவிளை, மார்த்தாண்டம், கருங்கல் என எந்த நிலையத்தின் எல்லையோ அங்கே சென்று புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். புறப்படுமுன், முதலில் பார்த்த மருத்துவமனையில் வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதற்கான பரிந்துரைச் சீட்டை வாங்கிக்கொள்வதும் முக்கியம். இரண்டு மருத்துவமனைப் பதிவுகளையும் இணைக்கும் கண்ணி அதுதான்.

இரண்டாவது, எலும்பு முறிவு. வர்ம வைத்தியத்துக்கும் எண்ணெய்க் கட்டுக்கும் பெயர் பெற்ற மாவட்டம் இது. கை முறிந்தால் நேரே வர்ம ஆசானிடம் செல்லும் குடும்பங்கள் இன்றும் நிறைய. அந்த வைத்தியத்தின் தகுதியைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் எக்ஸ்ரே படமும் மருத்துவர் தரும் காயச் சான்றும் இல்லாத முறிவைத் தீர்ப்பாயத்தில் நிரூபிப்பது ஏறத்தாழ இயலாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் பிரிவு 116-இன்படி எலும்பு முறிவு 'கொடுங்காயம்' ஆகும். 15 நாட்களுக்கு அன்றாட வேலை செய்ய முடியாமல் போகும் காயமும் அவ்வாறே. கொடுங்காயம் என்று பதிவானால்தான் கீழே சொல்லவிருக்கும் தொகைகள் பலவும் கிடைக்கும். ஆகவே எந்த வைத்தியத்தை நாடினாலும், அரசு மருத்துவமனையில் முதலில் படம் எடுத்துப் பதிவு செய்துகொண்டு பிறகு செல்லுங்கள்.

காவல் நிலையத்தில்

புகாரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பார்த்தவராக இருந்தால் நல்லது. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு நடந்து போனார், சாலையின் எந்த ஓரம், வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, இடித்தபின் எவ்வளவு தூரம் சென்று நின்றது, வெளிச்சம் எப்படி இருந்தது என்பவற்றை எளிய சொற்களில் எழுதுங்கள். பார்க்காதவர் புகார் கொடுத்தால், யார் சொல்லித் தெரிந்துகொண்டார் என்பதை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். பார்த்ததுபோல் எழுதிவிட்டுப் பின்னர் சாட்சிக் கூண்டில் தடுமாறும் புகார்தாரர்கள் வழக்கைக் கெடுத்திருக்கிறார்கள்.

2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டங்களின்படி, கண்மூடித்தனமாக ஓட்டியதற்குப் பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 281, காயம் விளைவித்ததற்குப் பிரிவு 125, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குப் பிரிவு 106(1) ஆகியவை பதிவாகும். குற்ற விசாரணை முறையை வகுக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதாவின் பிரிவு 173, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்றும், முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்ததும் வாசித்துப் பாருங்கள். வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பின்னர் பெரும் அலைச்சல். வண்டி எண் தெரிந்தால் அதன் காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதை ஒன்றிய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், ஓட்டுநர் உரிமம் முதலிய விவரங்களைக் கேட்பவருக்குத் தர வேண்டியது காவல் நிலையத்தின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 160 கூறுகிறது. முதல் தகவல் அறிக்கை, விபத்து இடத்தைப் பார்வையிட்டுக் காவலர் எழுதும் பார்வை மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, இறுதி அறிக்கை ஆகியவை இழப்பீட்டு வழக்குக்கு முதுகெலும்பு. இவற்றில் பலவற்றைத் தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையிலும் பதிவிறக்கலாம்.

2022-இல் வந்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அதைத் தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாகவே எடுத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டிய படிவமும் உண்டு. படிவம் உங்களுக்கு வரவில்லையென்றால் கேட்டுப் பெறுங்கள். ஆனால் அதிகாரி அறிக்கை அனுப்பிவிடுவார் என்று நம்பித் தனி மனு போடாமல் இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான கருவிகளில் பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்து புதியது ஏறிவிடும். விபத்து நடந்த இடத்துக்கு எதிரே உள்ள நகைக் கடையோ பெட்ரோல் நிலையமோ, அவர்களிடம் அன்றே நேரில் சென்று பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி, அது இருப்பதைப் புகாரிலும் எழுதிவிட வேண்டும்.

நிலையத்து வாசலிலோ மருத்துவமனை வராந்தாவிலோ ஒருவர் வந்து, மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம், வழக்கு எதற்கு, இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்பார். ஊரில் தெரிந்த பெரியவராகவே இருப்பார். பண உதவியை வாங்குவதில் தவறில்லை. என்ன தொகை, எதற்காகப் பெறப்பட்டது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி உள்ள எதிலும் கையெழுத்திட வேண்டாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம்.

எந்த வழியில் இழப்பீடு கேட்பது

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 161-இன்கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டப்படி, அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயமடைந்தவருக்கு ரூ.50,000-மும் வழங்கப்படும். இதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம், முதல் தகவல் அறிக்கை, மருத்துவ அல்லது பிரேதப் பரிசோதனைச் சான்று, அடையாளச் சான்று, வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் தருபவர் மாவட்ட ஆட்சியர். வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல் துறை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பின்னர் வண்டி பிடிபட்டு வேறு இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

வண்டி தெரிந்த வழக்குகளில் இரு வழிகள் உள்ளன. பிரிவு 164-இன்படி, யார் கவனக்குறைவு என்று நிரூபிக்கத் தேவையின்றி, மரணத்துக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் பெறலாம். பிரிவு 166-இன்படி, ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்து, உண்மையில் நேர்ந்த இழப்பு முழுவதையும் கேட்கலாம். இதற்கு உச்ச வரம்பு இல்லை.

முதல் வழி விரைவானது என்பதால் பலரை ஈர்க்கும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது: பிரிவு 164-இன்படியான தொகையைப் பிரிவு 149-இல் உள்ள நடைமுறையில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள பிரிவு 166 மனு அத்தோடு காலாவதியாகிவிடும். எந்த அளவு வேறுபாடு என்பதைக் கற்பனையான ஒரு கணக்கால் காட்டலாம். 38 வயதுப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர்; மாத வருமானம் ரூ.15,000 என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. கால் முறிந்து தோட்டச் சரிவுகளில் நடக்க முடியாததால் தொழில் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று முடிவு செய்கிறது. ஆண்டு வருமானம் ரூ.1,80,000. நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளருக்கு எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்த்தால் ரூ.2,52,000. அதில் 30 விழுக்காடு ரூ.75,600. ஆண்டு இழப்பை எத்தனை மடங்காக்குவது என்று வயதைக் கொண்டு வகுத்த பெருக்கு எண், 36 முதல் 40 வயது வரை 15 என்பதால், வருமான இழப்பு மட்டும் ரூ.11,34,000. மருத்துவச் செலவு, வலியும் வேதனையும், உடனிருந்தவர் செலவு, சத்துணவு, போக்குவரத்து ஆகியவை தனி. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. ரூ.2.5 லட்சத்தை அவசரப்பட்டு வாங்கியவர் இதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார். ஓட்டுநர்மீது தவறில்லை என்று தெளிவாகத் தெரியும் வழக்குகளிலும், சாட்சியே கிடைக்காத வழக்குகளிலும் மட்டுமே பிரிவு 164 நல்ல தேர்வு என்பது என் கருத்து.

கணக்கில் வரும் பெருக்கு எண்களை உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்து, 2017-இல் அரசியல் சாசன அமர்வின் வழியாக உறுதி செய்தது. 26 முதல் 30 வயதுக்கு 17, 46 முதல் 50 வயதுக்கு 13, 56 முதல் 60 வயதுக்கு 9 என்று வயது ஏற ஏற இது குறையும். 65-ஐக் கடந்தவருக்கு 5. மரண வழக்குகளில் இறந்தவரின் சொந்தச் செலவாக ஒரு பங்கு கழிக்கப்படும்: சார்ந்திருப்போர் இருவர் மூவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நால்வர் முதல் அறுவர் வரை நான்கில் ஒரு பங்கு.

ஊனத்தைப் பற்றிய ஒரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவக் குழு 'காலில் 40 விழுக்காடு' என்று சான்று தந்தால், அதை அப்படியே வருமான இழப்பாக எடுக்க மாட்டார்கள். அந்த ஊனம் அந்த மனிதரின் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதே அளவுகோல் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மேசையில் அமர்ந்து கணக்கெழுதுபவருக்குச் சிறிய இழப்பாகும் கணுக்கால் முறிவு, கட்டுமரம் தள்ளும் மீனவருக்கு முழு இழப்பாகலாம். எனவே உங்கள் தொழிலில் உடலின் எந்த அசைவு தேவைப்படுகிறது என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வருமானத்தைக் காட்டுவது

இங்கேதான் நம் மாவட்டத்தார் அதிகம் இழக்கிறார்கள். சம்பளச் சீட்டு உள்ளவர் சிலரே. முந்திரி ஆலைப் பெண்களுக்குப் பெரும்பாலும் வைப்பு நிதியோ ஈ.எஸ்.ஐ. பதிவோ இருக்கும், அந்தப் பதிவு வலுவான சான்று. பால்வெட்டுகிறவர், தோட்ட உரிமையாளரிடம் மர எண்ணிக்கையும் வெட்டுக் கூலியும் குறிப்பிட்ட கடிதம் பெற்று, அவரையே சாட்சியாகவும் அழைக்க வேண்டும். கடிதம் மட்டும் போதாது. மீனவருக்கு மீனவர் நல வாரிய அட்டையும் கூட்டுறவுச் சங்கப் பதிவும், கட்டடத் தொழிலாளிக்கு நல வாரிய அட்டையும், தோவாளையில் பூ வாங்கி விற்பவருக்கு வங்கிக் கணக்கில் வந்து போன தொகையும் உதவும். வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர் அடிபட்டால், பணி ஒப்பந்தம், விசா, அங்கிருந்து பணம் அனுப்பிய வங்கி விவரம் மூன்றும் வேண்டும்.

வீட்டு வேலையை மட்டும் பார்க்கும் பெண்ணுக்கு வருமானம் இல்லை என்ற வாதம் இன்று செல்லாது. அவருடைய உழைப்புக்கு மதிப்பு வைத்து இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் வலியுறுத்தியிருக்கிறது. செலவுகளுக்கான சீட்டுகள் அனைத்தையும் தேதி வாரியாக ஓர் உறையில் போட்டு வையுங்கள். திருவனந்தபுரத்துக்கும் ஆசாரிப்பள்ளத்துக்கும் மறுபரிசோதனைக்குப் போய்வந்த வாடகை வண்டிச் சீட்டுகள் உட்பட.

'குறுக்கே சாடினார்' என்ற வாதம்

நடந்து சென்றவர் வழக்கில் எதிர்த்தரப்பின் வாதம் ஏறக்குறைய ஒன்றேதான்: வண்டி மெதுவாகத்தான் வந்தது, ஆள் திடீரென்று குறுக்கே சாடினார். காவலரின் அறிக்கையிலும் சில நேரம் இதே வாசகம் ஏறிவிடும். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் மீதும் ஒரு பங்கு தவறு இருந்தது என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் அந்தப் பங்களவுக்குத்தான் தொகை குறையும், உரிமை அழியாது. சிறு குழந்தைகள் மீது இத்தகைய பங்குத் தவறை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுவதில்லை. கடக்கும் இடம் கோடிட்டுக் குறிக்கப்பட்டிருந்தால், வேகத்தைக் குறைத்து, தேவையானால் நின்று வழிவிடுவது ஓட்டுநரின் கடமை. நடைபாதையே இல்லாத, அல்லது நடைபாதையைக் கடைகளும் நிறுத்திய வண்டிகளும் பிடித்துக்கொண்ட இடத்தில் ஒருவர் தார்ச் சாலையில் நடந்தார் என்பதை அவர் குற்றமாகச் சொல்வதும் எளிதல்ல. பயன்படுத்தத்தக்க நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது. விபத்து நடந்த இடத்தின் ஒளிப்படங்களை, மதில், ஓடை, நிறுத்தியிருந்த வண்டிகள் தெரியும்படி, அடுத்த நாளே எடுத்து வைப்பது இந்த வாதத்துக்கான பதில்.

இழப்பீட்டு வழக்கில் குற்ற வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்ற அளவுக்குச் சான்று இருந்தால் போதும். நடுவர் நீதிமன்றத்தில் ஓட்டுநர் விடுதலை ஆகிவிட்டார் என்பதால் இழப்பீட்டு மனு தானாகத் தோற்றுப்போவதும் இல்லை.

மனுத் தாக்கல் முதல் பணம் கைக்கு வரும் வரை

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை நீதிமன்றங்களில் இவ்வழக்குகள் நடக்கின்றன. கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வந்து அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே தாக்கல் செய்யலாம். கேரளத்தின் பாறசாலைக்காரருக்கு அங்குள்ள நெய்யாற்றின்கரை வசதி.

மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று பிரிவு 166(3) கூறுகிறது. இந்தக் கால வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டு, தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். ஆறு மாதத்தையே எல்லையாகக் கொள்ளுங்கள். சிகிச்சை முடியாவிட்டாலும் மனுவைப் போட்டுவிட்டு, ஊனச் சான்றைப் பிறகு சேர்க்கலாம். ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோரை எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். இறப்பு வழக்கில் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று தேவை. அது கிடைக்கக் காலம் பிடிக்கும் என்பதால் முதல் மாதத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். வார்டு வாசலில் வந்து கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்களைத் தவிர்த்துவிடுங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதிகள் அனுமதிப்பதில்லை. கட்டணம் கட்ட இயலாதவர், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. விபத்துக்குப்பின் நிரந்தர ஊனமுற்றவரும் இதில் அடங்குவார்.

வழக்கு நடக்கும்போது மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்பு வரும். அங்கே ஏற்கும் தொகையே இறுதி, மேல்முறையீடு கிடையாது. மேலே காட்டிய முறையில் உங்கள் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், பேசப்படும் தொகை நியாயமானதா என்பது அந்த இடத்திலேயே தெரியும். விரைவில் பணம் வேண்டும் என்பதற்காக ஓரளவு குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனமே. பாதிக்கும் கீழே இறங்குவது அல்ல. தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் குறை இருந்தால், 90 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தகராறுக்குரிய தொகை ரூ.1 லட்சத்துக்குக் குறைவானால் மேல்முறையீடு இல்லை.

தீர்ப்புத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தீர்ப்பாயத்தின் வழியாகச் செலுத்தும். மனுதாரர் பெயரிலேயே வங்கிக் கணக்கும் பான் எண்ணும் இருப்பது அவசியம். சிறுவர்களின் பங்கை அவர்கள் 18 வயது அடையும்வரை நிலை வைப்பில் போடுவார்கள். இடித்தது அரசுப் பேருந்து என்றால், தனிக் காப்பீட்டு நிறுவனம் இல்லாமல் போக்குவரத்துக் கழகமே தொகையைச் செலுத்த வேண்டியிருக்கும். செலுத்தாமல் காலம் கடத்தினால் நிறைவேற்று மனுப் போட்டுப் பேருந்தை ஜப்தி செய்ய உத்தரவு பெறலாம். காப்பீடே இல்லாத தனியார் வண்டி என்றால் உரிமையாளரின் சொத்தின்மீதுதான் நடவடிக்கை எடுக்க முடியும். ஆகவே அவர் பெயரில் உள்ள நிலம், வீடு பற்றிய வில்லங்கச் சான்றை வழக்கின் தொடக்கத்திலேயே எடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்து, தீர்ப்புக்கு முன்னரே பற்றுகை, அதாவது அந்தச் சொத்தை விற்க முடியாதபடி முடக்கும் உத்தரவு, கோர முடியுமா என்று கேளுங்கள்.